அம்மா தைத்த சட்டைக்கை

என் அக்கா தியடோரா பென்ரோஸ் டென்னிஸ் பழகியதற்குக் காரணம், அண்ணன் ஆம்ப்ரோஸுக்கு வேறு எதிராளி கிடைக்காததுதான். பாதிரியாரான எங்கள் அப்பாவின் வீட்டுப் புல்வெளியில் வலையைக் கட்டி, தரை கூட்டும் பாவாடையோடு அவளை நிற்க வைத்து, பந்து பொறுக்கவிட்டான். ஒரே கோடையில் அவனைப் பொறுக்கவிட்டாள் அவள். அதன் பிறகு அவனுக்கு அடிக்கடி முழங்கால் வலி வரத் தொடங்கியது.

ஹாசல்ஃபோர்டு கோடைப் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அக்காதான் ஜெயித்தாள். மூன்றாம் முறையும் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை வீட்டுக்கே சொந்தம் என்பது எங்கள் கிளப் வழக்கம். அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தேநீருக்கு வந்து சேர்ந்தார் பிஷப்பின் மனைவி. அக்கா கையைத் தலைக்கு மேல் வீசி சர்வ் போடுவது ஜன்னல் வழியே தெரிந்துவிட்டது. அப்போதெல்லாம் பெண்கள் இடுப்புக்குக் கீழிருந்துதான் பந்தைத் தட்டிவிடுவார்கள். விதி ஒன்றும் கிடையாது, பழக்கம் அப்படி.

“உங்க பெரிய பொண்ணு ஈ ஓட்டுறாளா, மிஸஸ் பென்ரோஸ்?” என்றார்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இனி அப்படி ஆடமாட்டேன் என்று பெற்ற பெண்களிடம் சத்தியம் வாங்குவதில் அம்மாவுக்கு நம்பிக்கையில்லை, தையலில்தான் நம்பிக்கை. போட்டிக்கான வெள்ளைச் சட்டையின் கைகளைத் தானே இறுக்கமாகத் தைத்தார்.

“கையத் தூக்க முடியலம்மா,” என்றாள் அக்கா.

“தோள் வரைக்கும் போகுதுல்ல? அதுக்கு மேல என்ன வேலை உனக்கு? ஆப்பிள் பறிக்கவா போற?”

போன ஆண்டு ஜெயித்தவர் கடைசி நாளில் மட்டும் ஆடினால் போதும். மற்ற எல்லோரையும் தோற்கடித்துவிட்டு அன்று எதிரே வந்து நின்றவள் மிஸ் ஃபென்விக், சாராய ஆலைக்காரரின் மகள். முதல் செட் அக்காவுக்கு. ஆனால் அந்தப் பெண் படுகெட்டிக்காரி. அக்காவின் கை மேலே போகாததைக் கவனித்துவிட்டு, பந்துகளைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டாள். அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது செட் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மூன்றாவதுக்கு முன் சற்று ஓய்வு. அக்கா என்னைப் பெண்கள் கூடாரத்துக்குள் இழுத்தாள்.

“லெட்டி, கத்திரி கொண்டு வா.”

கத்திரி இருந்தது முன்வரிசையில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் பையில். ஓடினேன்.

“எதுக்கு?” என்றார் அம்மா.

“அக்காவோட ராக்கெட்டுல நூல் தொங்குதாம்மா.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். “பார்த்து. கூரா இருக்கு.”

கூடாரத்தில் கத்திரியைத் திறந்து பிடித்தேன். “அம்மா என்னைக் கொன்னே போடுவாங்க.”

“முதல்ல என்னை. நீ அதுக்கப்புறம்தான். வெட்டுடி!”

அக்குள் தையலை இரண்டு பக்கமும் வெட்டினேன். “அப்பாடா, காத்து வருது,” என்றாள்.

திரும்பிப் போய் கையை முழுசாகத் தூக்கி ஒரு சர்வ் போட்டாள். கிழிந்த துணி படபடத்தது. அப்பாவின் உதவிப் பாதிரியார் அவசரமாகத் தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கர்னல் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மிஸ் ஃபென்விக் தூக்கிப் போட்ட பந்தெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசிப் பந்தில் நான் போட்ட கூச்சல் பிஷப்பின் அரண்மனைக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“அந்தக் கத்திரிய என்கிட்ட வித்துடுங்க,” என்றாள் மிஸ் ஃபென்விக், கை குலுக்கும்போது.

பிறகு அக்கா பாத், டப்ளின் என்று ஊர் ஊராகப் போய் ஜெயித்தாள். எங்கள் சொந்தத்தில் மணப்பெண்கள் யாருக்கும் ப்ரோச் எனும் நகை ஊசி வாங்க வேண்டியிருக்கவில்லை, அவளுக்குப் பரிசாக வந்ததே அவ்வளவு. தன்னிடம் தோற்ற ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தலை நரைத்த பிறகும் அவரை ஜெயிக்கவிடவில்லை.

ஆனால் அன்று வண்டியில் வீடு திரும்பும்வரை அம்மா வெட்டுப்பட்ட தையலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோப்பை அக்காவின் மடியில் இருந்தது, அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களுக்குத் தைரியம் இல்லை. சாப்பாடு முடிந்ததும் அம்மா அந்தச் சட்டையை விளக்கடியில் விரித்தார்.

“லெட்டி, ராக்கெட்ட எதால பின்னுவாங்க?”

“ஆட்டுக் குடலாலம்மா.”

“அதுல ஏதுடி நூல்?”

அம்மா அதே துணியில் ஒரு முக்கோணத் துண்டை வெட்டி அக்குளில் வைத்துப் பார்த்தார்.

“தியோ, இங்க வா,” என்றார். “கையத் தூக்கு. இன்னும் மேல.”