சிவந்த இரும்பைக் காந்தம் தூக்காது

காந்தத் துகள் ஆராய்ச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கும் உத்தியோகம். கூடவே கல்லூரியில் பாடமும் எடுக்கிறவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கவும்.

கழுவினேன், போயிற்று

இந்த வருஷம் போதிய ஆள் சேராவிட்டால் பிசிக்ஸ் வகுப்பையே மூடிவிடுவோம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். பக்கத்துப் புதுவாயல் கூட்டுரோட்டில் அட்மிஷன் ஸ்டால் போட்டு, காந்தம் காட்டினால் முள் முள்ளாக எழும்பும் என் கறுப்புத் திரவத்தை வைத்து ஆள் பிடிப்பதாக ஏற்பாடு.

மூன்று வாரம் உட்கார்ந்து அந்தத் திரவத்துக்கான காந்தத் துகளைத் தயாரித்தேன். பீக்கரின் அடியில் காந்தத்தைப் பிடித்தால் துகளெல்லாம் அங்கே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் வடித்துவிடலாம். அன்றைக்கு வெளியே மழை மேகம். துகள் கூட்டம் காந்தத்தைத் தேடிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியொரு அழகு! அதே மயக்கத்தில் காந்தத்தைத் தனியே எடுத்துவிட்டுப் பீக்கரைக் கவிழ்த்தேன். எல்லாம் சிங்க்கோடு போயிற்று. அழுகையே வந்துவிட்டது. லேப் அட்டெண்டர் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"அரிசி களையசொல்ல நானே கை வெச்சிக்கினுதான் வடிப்பேன். நீங்க இன்னா மேடம்?"

எல்லோரும் பார்த்தார்கள்

பதறியடித்து இன்னொரு குப்பி தயாரித்தேன். ஸ்டாலில் வைத்ததும், ஆலையில் ஷிப்ட் முடிந்தவர்கள், பெரியபாளையம் கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். விண்ணப்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மகனோடு வந்த ஒரு அம்மாவிடம், இரும்பையே தண்ணீராக ஓட வைத்திருக்கிறோம் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. இத படிச்சா வேலைக்குப் போவலாமா, இல்ல உங்கள மாரி பாத்துக்கினே இருக்கணுமா?"

கிரேனில் ஒரு கேள்வி

வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதில் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். கடைசி நாளன்று, வகுப்பு பிழைக்க இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டும் ஏசுதாஸ், பிளஸ் டூவில் சயன்ஸ் படித்த மகள் ஸ்டெல்லாவோடு பி.காம் விண்ணப்பம் வாங்க ஸ்டாலுக்கு வந்தார். வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு என் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கூச்சத்தோடு கேட்டார்: கிரேன் காந்தம் ஆறின இரும்பைத் தூக்குகிறது, தகதகவென்று சிவந்திருந்தால் ஏன் கண்டுகொள்வதில்லை? இருபது வருஷமாக மனசில் இருக்கிற கேள்வியாம். சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு வேலையைப் பார் என்றாராம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வருஷா வருஷம் போர்டில் வரைவதை இந்த மனுஷர் தினமும் நேரில் பார்த்திருக்கிறார். இரும்புக்குள் குட்டிக் குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், சூடு ஏறினால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும், ஆறினால்தான் மறுபடி சொன்ன பேச்சு கேட்கும் என்றேன். இது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது என்றதும் அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா பி.காம் தாளை மடித்து வைத்துவிட்டு பிசிக்ஸ் தாளை எடுத்தாள்.

"இருவது வருசமா இத பாத்துக்கினு இருந்திருக்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நைனா."

வகுப்பு பிழைத்துக்கொண்டது; ஆனால் ஸ்டெல்லாவைவிட அவள் அப்பாதான் தினமும் போனில் சந்தேகம் கேட்கிறார், அவருக்கு எந்தக் கணக்கில் அட்டெண்டன்ஸ் போடுவதென்றுதான் தெரியவில்லை.