அவுட் ஆகாத இருவர்

வெல்டருக்கு இரும்பு என்றால் உயிர், தம்பி என்றால் வேப்பங்காய். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, ஏழு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. "அம்மா, அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு" என்பார் இவர். "இதுக்கு மேல தள்ளினா தெருவுலதான் உட்காரணும்னு சொல்லும்மா" என்பான் அவன். நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா, இந்த அஞ்சல் வேலையிலேயே பாதி ஆளாகிவிட்டாள்.

காரணம் சின்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி வெளியூரில் கச்சேரி, கச்சேரி என்று சுற்றிக்கொண்டிருந்தான். எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கிட்டாரும் கையுமாக வந்து நின்றான். அன்றைக்கு வாயை மூடியவர்தான் வெல்டர். போகப் போகக் கோபம் பாதி ஆறிவிட்டது என்பது அவருக்கே தெரியும். ஆனால் முதல் வார்த்தையை யார் பேசுவது? வண்டி அங்கேதான் நின்றுபோனது.

கோடைதோறும் அவர்கள் சபையிலிருந்து ஒரு குழு வெளிநாட்டுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களுக்கு முகாம் நடத்தும். இந்த முறை பந்து மைதானத்துக்குக் கோல் கம்பம் அடிக்க அண்ணன், பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தம்பி என்று போதகர் இருவரையும் சேர்த்துப் போட்டுவிட்டார். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, கர்த்தருக்கே வெளிச்சம். கிளம்பும்போது அம்மா இருவரையும் வாசலில் நிறுத்தினாள்.

"பேசிக்கிட்டுத் திரும்பி வாங்க. இல்லேன்னா ஆளுக்கொரு வீடு பார்த்துக்குங்க. எனக்கு இனிமே தெம்பில்ல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முகாமில் அம்மாவின் வேலை பேக்கரி அக்காவின் தலையில் விழுந்தது. குழுவோடு சமையலுக்கென்று வந்த மனுஷி, பாவம்.

"அக்கா, கம்பத்தை நேரா பிடிக்கச் சொல்லுங்க."

"நேராத்தான் இருக்கு. கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கக்கா."

இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. முகாமுக்கு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று, மொழிபெயர்க்க வந்திருந்த நர்ஸம்மாவிடம் கேட்டார்கள். அன்பைப் பற்றிப் பேச வந்த குழுவின் மானம் முதல் நாளே கப்பலேறக் கூடாதே. "அது இவங்க விளையாட்டு. நேரா பேசினா அவுட்" என்று நர்ஸம்மா கூசாமல் ஒரு புளுகைப் புளுகினார்.

அவ்வளவுதான், முகாமே பற்றிக்கொண்டது. மறுநாள் காலை ரொட்டி கேட்பவன் ரொட்டிக்காரனைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டான். பந்து விளையாட்டில் "பாஸ் பண்ணச் சொல்லு" என்று கோல்கீப்பரிடம் கத்தினார்கள். அவள் நடு மைதானத்துக்குக் கத்துவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. குளிக்கும் வரிசையில் சிரிப்பு, படுக்கையில் சிரிப்பு. போதகர் பிரசங்கத்தின் நடுவே தூங்குகிற ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, எழுந்திரு" என்று வாயை விட்டார். கூட்டம் எழுந்து நின்று அவரை அவுட் ஆக்கியது. மனிதர் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். இத்தனை வருட முகாம்களில் இப்படி ஒரு கொண்டாட்டத்தை யாரும் பார்த்ததில்லை. பாட்டுக்கு வராத பிள்ளைகள்கூட இந்த ஆட்டத்துக்காகவே கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி நாள் மாலை மிச்சம் நின்றவர்கள் இரண்டே பேர். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் இருவரையும் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டில் மூடிகளைக் கயிற்றில் கோத்து ஒரு மெடல் செய்திருந்தார்கள். கோல்கீப்பர் பெண் அதை வெல்டர் கையில் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"எவ்வளவு நாளா இதைப் பழகுறீங்கன்னு கேக்குறா" என்றார் நர்ஸம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வெல்டர் தொண்டையைச் செருமினார். "ஏழு வருஷம்னு சொல்லுங்க."

நர்ஸம்மா சொன்னார். கூடாரம் அதிர்ந்தது. கைதட்டல், விசில், பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பு. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தோற்கவில்லையா என்று ஒருவன் கத்திக் கேட்டான். இல்லை என்றதும் இன்னொரு சுற்றுக் கைதட்டல்.

வெல்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாழ்நாளில் அவருக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. போயும் போயும் இதற்கா? பக்கத்தில் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தே ஏழு வருடமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. காதோரம் நரைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவை ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் இவர். ஆனால் அப்பா தேடியது இவரை இல்லை. அதுதான் இத்தனை வருடம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. தம்பிக்குத் தெரியக் கூடாது என்றே அதைப் பூட்டி வைத்திருந்தார்.

அவர் திரும்பினார். பேக்கரி அக்காவைப் பார்க்கவில்லை.

"டேய்" என்றார். "அப்பா கடைசி மூச்சு வரைக்கும் உன் பேரைத்தான்டா சொல்லிக்கிட்டிருந்தாரு."

"அவுட்" என்று கூடாரம் முழுக்க அலறியது. ஒரு வார்த்தைகூடப் புரியாத அத்தனை பிள்ளைகளும் துள்ளிக் குதித்தார்கள். தம்பியின் வாய் கோணியது. அவன் அண்ணனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றான்.

அவனையும் அவுட் ஆக்கினார்கள்.