நிறைகுடம் வைத்த கதவு

இது நடந்தது. செல்வரட்ணம் அன்று குடித்திருந்தார் என்று இங்கே டென்மார்க்கில், பிராண்டே ஊரில் சிலர் கதைத்துத் திரிகிறார்கள். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவர் அல்லர். குடும்பத்துக் கதையை வெளியே விடுவது எங்கள் வழக்கமும் அல்ல. பொய் ஊரெல்லாம் நடமாடுவதால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியிருக்கிறது.

போன தை மாதம். அவருடைய மகள் நிறோஷினியின் கலியாண வரவேற்பு. கோல்டிங்குக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய குறோவை எடுத்திருந்தார்கள். குறோ என்றால் அந்தக் காலத்தில் வழிப்போக்கர் தங்கிய விடுதி. ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டிடம். நீக்கிலாஸ் என்ற டேனிஷ்காரர் அதை வாங்கி, பிற்காலத்தில் பூசிய சீமெந்தையெல்லாம் உடைத்தெடுத்து, சுண்ணாம்பு பூசி, ஓக் மர உத்தரங்களைத் துலக்கிப் பழையபடி ஆக்கியிருந்தார். சுவர்கள் ஒரு மீற்றர் தடிப்பு.

மண்டபத்தின் கிழக்குச் சுவரில் ஒரு வளைவு. அதற்குள் இரும்புப் பட்டை அடித்த கதவு ஒன்று. அது அழகுக்கு மட்டும். பின்னால் இருந்த வாசலைச் செங்கல் வைத்து எப்போதோ அடைத்துவிட்டார்கள். வெளியே போய்ப் பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர். ஆட்கள் வந்து போவது மேற்கிலுள்ள கண்ணாடிக் கதவால்.

செல்வரட்ணம் நிறைகுடத்தைக் கிழக்குக் கதவின் முன்னால் வைக்கச் சொன்னார்.

"அப்பா, அதுக்குப் பின்னால சுவர். ஆக்கள் சுவருக்குள்ளாலயோ வரப்போகினம்?" மகன் கபிலன் சிரித்தான்.

"வாறவை எதால எண்டாலும் வரட்டும். நிறைகுடம் கிழக்கு வாசலிலதான்."

"அப்ப பன்னீரை ஆருக்குத் தெளிக்கிறது? பேய்க்கோ?" என்றார் மனைவி புஷ்பராணி.

அவர் அசையவில்லை. குடம் அங்கேயே வைக்கப்பட்டது.

அன்று அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான். தம்பி சிறீஸ்கந்தராசா அங்கே வந்துவிடக் கூடாது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து வருடக்கணக்கு ஆகிறது. காரணம் வெளியாருக்குத் தேவையில்லை. "அவன் வந்தால் நான் எழும்பிப் போவன்" என்று நாலு பேர் முன்னிலையில் சொன்ன மனிதர். தம்பியை அழைப்பதில்லை என்று புஷ்பராணியும் கபிலனும் சுவாமி விளக்கின் முன் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள்.

பின்னேரம் நாலரை மணி. வெளியில் இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. புஷ்பராணி மேலே மகளுக்குச் சேலை உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார். கபிலன் கேக் எடுக்கப் போயிருந்தான். மண்டபத்தில் செல்வரட்ணம் மட்டும்.

குடத்தடியில் இருந்த குத்துவிளக்கை ஏற்றினார். சுடர் சரிந்தது. கதவை விட்டு விலகி, அவர் பக்கமாக. கதவிலிருந்து காற்று வருவது போல...

குடத்து மாவிலைகள் ஆடின.

டொக். டொக். டொக்.

ஆயிரம் விருந்தினரை வரவேற்ற வாய். யோசிக்கமுன் சொல் வந்துவிட்டது.

"வாங்கோ!"

கதவுக்குப் பின்னாலிருந்து...

"அண்ணை... நான்தான். திறவுங்கோ. குளிருது."

தம்பியின் குரல்.

அந்த நேரம் அவருக்குச் சுவரின் நினைவே இல்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். கூப்பிட்டிருக்கிறார்கள். சத்தியம் செய்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டிய மனைவி. பெற்ற மகன்.

கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார். விறைக்க வைக்கும் இரும்பு. இழுத்துப் போட்டார்.

டடக்.

"அண்ணை..."

அவர் நிமிர்ந்து நின்றார்.

சுரண்டும் சத்தம். முதலில் தோள் உயரத்தில். பிறகு இடுப்பளவில். பிறகு... நிலத்தோடு.

பிறகு ஒன்றுமில்லை.

கபிலன் கேக் பெட்டியோடு உள்ளே வந்தான்.

"ஆரைக் கேட்டு அவனைக் கூப்பிட்டனீ?"

கபிலன் பெட்டியை மேசையில் வைத்தான். "அக்கா ஆசைப்பட்டவ... அம்மாதான் சொல்லச் சொன்னவ. சித்தப்பா இன்னும் வரேல்லையே அப்பா. மூண்டு மணிக்கு முன்னம் சில்க்போர்க்கில இருந்து வெளிக்கிட்டவர். இப்ப போன் எடுக்கிறார் இல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கதவில நிக்கிறான்."

"எந்தக் கதவில?"

செல்வரட்ணம் கையை நீட்டினார். கபிலன் போய்க் கதவை இழுத்தான். தடையில்லாமல் திறந்தது.

செங்கல். மேலிருந்து கீழ்வரை செங்கல்.

இருவரும் வெளியே ஓடினார்கள். கட்டிடத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம். வயலோரப் பள்ளத்தில் ஒரு கார் சரிந்து கிடந்தது. அதிலிருந்து பனியில் காலடித் தடங்கள். அவை கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வெள்ளைச் சுவருக்குப் போயிருந்தன.

சுவரடியில் சிறீஸ்கந்தராசா சுருண்டு கிடந்தார். சுண்ணாம்பில் விரல் கோடுகள்.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் செல்வரட்ணம் ஆஸ்பத்திரி அறைக்குள் காலை வைத்ததும் தம்பி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புஷ்பராணியிடம்தான் சொன்னார்.

"கதவு திறந்திருந்தது அண்ணி. வெளிச்சத்தைக் கண்டுதான் அங்க போனனான். அண்ணை என்ர முகத்தைப் பாத்து 'வாங்கோ' எண்டவர். பிறகு சாத்திப் பூட்டினவர். கூப்பிட்டுப்போட்டு எல்லே சாத்தினவர்!"

'வாங்கோ' என்று சொன்னதைச் செல்வரட்ணம் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கிழமை அவர் தனியே அந்தக் குறோவுக்குப் போனார். கதவிலுள்ள தாழ்ப்பாளைக் கழற்றிவிடும்படி நீக்கிலாஸிடம் கேட்டார்.

"எந்தத் தாழ்ப்பாள்?" என்றார் நீக்கிலாஸ்.

செல்வரட்ணம் அவரைக் கதவடிக்குக் கூட்டிப்போனார். மரத்தில் பழைய துளைகள் மட்டும் இருந்தன. நீக்கிலாஸ் ஒரு கதை சொன்னார்: அந்தக் காலத்தில் இந்த விடுதியின் சொந்தக்காரர் ஒருவர், பனிப்புயலில் வந்த தன் கூடப்பிறந்த தம்பிக்குத் திறக்காமல் தாழ்ப்பாளைப் போட்டாராம். காலையில் வாசலில் பிணம் கிடந்ததாம். ஊரார் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்களாம்.

"பழைய ஆட்கள் சொல்லும் கதை. உண்மையோ தெரியாது," என்று நீக்கிலாஸ் சிரித்தார். "ஆனால் நான் வாங்கும்போதே இதில் தாழ்ப்பாள் இல்லை."

செல்வரட்ணம் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். குறுக்கே ஒரு துருக்கோடு.

எவ்வளவு தேய்த்துக் கழுவியும்... இன்றுவரை அது போகவில்லை.