இறக்கைக்கு அடியில் என் வீட்டுச் சோப்பு

முதலில் கண்ணில் பட்டது சோப்பு குறைந்ததுதான். துணி சோப்பை நீளக் கட்டியாக வாங்கி, நூல் போட்டு ஆறு துண்டாக அறுத்து, அடுப்படிப் பரணில் காய வைப்பேன். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. எங்கள் இரண்டு பேருக்கும் மாசம் முழுக்க அது போதும். அந்த மாசம் பத்து நாளிலேயே மூன்று துண்டைக் காணோம்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ளா" என்றார் என் வீட்டுக்காரர். சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.

எலி சோப்பைத் தின்னும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு சீவலாவது கீழே சிந்திக் கிடக்க வேண்டாமா? பொறி வைத்தேன். அதில் செருகின தேங்காய்ச் சில்லு மூன்று நாளும் அப்படியே இருந்தது.

அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். மீன்பிடி லாஞ்சுகளுக்கு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் அவர். டீசலும் கிரீஸும் ஏறி விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும். வலது கைக் கட்டைவிரல் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம்தான் ஓர் உப்பள முதலாளி, தன் சொந்த விமானத்தைப் பார்த்துக்கொள்ள இவரைக் கூப்பிட்டிருந்தார். உப்பளத்துக்குப் பக்கத்தில் இறுகின தரையில் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, உள்ளே நாலு பேர் உட்காருகிற குட்டி விமானம். முதலாளியே ஓட்டுவார். மெட்ராஸ் இன்ஜினியர் எப்போதாவது வந்து சோதித்துக் கையெழுத்துப் போடுவார். மற்ற நாளெல்லாம் துடைப்பதும் எண்ணெய் பார்ப்பதும் இவர் பொறுப்பு. லாஞ்சுக்காரனுக்கு வந்த வாழ்வைப் பாரு என்று தெருவே பேசியது. இவருக்கும் தலைகால் புரியவில்லை.

என் புத்தி வேறு பக்கம் போயிற்று. உப்பளத்தில் எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள்! நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கிறவளுக்குச் சோப்பு கொடுத்தால் வேண்டாம் என்பாளா? மிச்சத் துண்டுகளில் ஊக்கால் சின்னச் சின்னச் சிலுவை கீறி வைத்தேன். எவள் வீட்டில் அது கிடக்கிறதென்று பார்த்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை, வேலை இருக்கிறது என்றார். ஓகோ, அப்படியா சங்கதி! பூசை முடிந்ததும் போட்ட முக்காட்டோடு வெயிலில் உப்பளத்துக்கு நடந்தேன்.

கொட்டகையில் பெண் வாடையே இல்லை. இவர் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். தகட்டைக் கழற்றி, உள்ளே தெரிந்த பெட்ரோல் டாங்கியின் விளிம்பில் கட்டைவிரலால் எதையோ அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிலுவை போட்ட என் சோப்பு கிடந்தது.

"எவளும் இல்லையா?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

பதறி எழுந்தார். "ஏளா, கத்தாத. டாங்கி லேசா கசியுது, அவ்வளவுதான். லாஞ்சுல இப்படிச் சோப்பு வச்சுத்தான அடைப்போம்? பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"சொன்னா மெட்ராஸ்காரன வரவச்சு, உனக்கு இது ஆகாதுலே, லாஞ்சுக்கே போன்னுருவாரு."

"லாஞ்சு நின்னுபோனா மெதக்கும். இது அங்கன மேல நின்னுபோனா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. முதலாளி இறங்கினார். கூடவே அவருடைய சின்ன மகளும் ரிப்பன் கட்டின சடையோடு குதித்து இறங்கினாள். கடலை மேலேயிருந்து பார்க்கப் போகிறாளாம், முதல் தடவையாக. இவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

மாதாவே, எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பேன்?

"முதலாளி, பிள்ளைய ஏத்தாதீக. டாங்கி ஒழுகுது. என் வீட்டுச் சோப்புதான் அடைச்சுக்கிட்டு நிக்கி."

முதலாளி சத்தம் போடவில்லை. குனிந்து, சோப்பைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். பிள்ளையை ஜீப்பில் உட்காரச் சொன்னார்.

மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் மரப்பெட்டியில் புது டாங்கியோடு வந்தார். பெட்ரோலைக் கேன்களில் வடித்து, குழாயைக் கழற்றி, தகரப் பட்டையை அவிழ்த்துப் பழைய டாங்கியை உருவினார்கள். பட்டைக்கு அடியில் இருந்த கம்பளித் துணி உப்புக் காற்றில் நைந்து, தகரமே தகரத்தை அரைத்திருந்தது. சோப்பைச் சுரண்டினால் கீறல் என் சுட்டுவிரல் நீளம். புது டாங்கிக்குப் புதுக் கம்பளி வைத்துப் பொருத்தினார்கள். இணைப்புகளில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க இன்ஜினியர் கேட்டார், "கொஞ்சம் சோப்பு கிடைக்குமா?"

சோறு கொண்டுபோயிருந்த நான் தரையைப் பார்த்தேன். இவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதலாளி இவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரே ஒரு சட்டம் போட்டார். "இனி நான் ஏறும்போதெல்லாம் நீயும் ஏறணும்லே. நீ ஏறலன்னா நானும் ஏற மாட்டேன்."

அன்றிலிருந்து புதுச் சோப்பு அறுக்கும்போதெல்லாம் சிலுவை கீறி வைத்து, சனிக்கிழமை தோறும் பரணில் எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை பறக்கப் போகுமுன் அவருக்குக் காப்பி. அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மேலே அந்தச் சத்தம் அடங்கிச் சக்கரம் தரையைத் தொடும்வரை எனக்கு உயிர் இருக்காது.

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை, நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

"மாதா சத்தியமா நான் எடுக்கல. எலியாத்தான் இருக்கும்."

"போன தடவையும் எலிதான!"

காலையில் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போய்க்கோங்க என்றேன். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. "இன்னைக்கு வரலன்னு சொல்லிரு" என்றார் இவர் டிரைவரிடம், தலையைக் குனிந்தபடி.

ஏற மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு கசிவை மறைக்கிறான் என்று முதலாளி எடுத்துக்கொண்டார். இன்ஜினியரை வரவழைத்து எல்லாத் தகட்டையும் கழற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆனாலும் நம்பிக்கை போனது போனதுதான். அடுத்த வாரம் கொட்டகையில் வேறு ஆள். இவர் லாஞ்சுக்கே திரும்பினார். கட்டைவிரல் பழையபடி கறுத்தது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அரிசி டிரம்மை நகர்த்தினேன். பின்னால் தூசிக்குள் ஒரு துண்டு சோப்பு. சுற்றிலும் பொடிப்பொடியாகச் சீவல். நான் கீறின சிலுவையின் பாதியில் எலியின் பல் பதிந்திருந்தது.

அவர் வாசலில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். பாவி நான், அந்தச் சோப்பைக் கொண்டே அவர் காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். இன்று வரை அவரிடம் சொல்லவில்லை.