ஜெகதீஸ்வரி போர்த்திய பொன்னாடைகள்

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், கார்தெரி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர் ஜெகதீஸ்வரி. வருடத்துக்கொருமுறை, தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில், மீசை ஒட்டிக்கொண்டு பகிடி நடிப்புக்கு மேடையேறிவிடுவார். ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத பெரிய மனிதர்களில் ஒருவரும் அவரிடம் தப்பியதில்லை.

போன பொங்கலுக்கு மாநகர சபை உறுப்பினர் ஒருவர் பிரதம விருந்தினர். சங்கத் தலைவர் அருமைநாதன் முதல்நாளே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, வெள்ளைக்காரர் வாறார். அவரைப் பகிடி பண்ணிப்போடாதேங்கோ."

"ஓம் அண்ணை, அவரைத் தொடமாட்டன்."

சொன்ன சொல்லை மீறவில்லை. ஜெகதீஸ்வரி மேடைக்கு வந்தது அருமைநாதனாக. வயிற்றில் தலையணை, கையில் கட்டாகப் பேச்சுத் தாள்கள். விருந்தினருக்குப் பதிலாகக் கோட்டு மாட்டும் கம்பம் ஒன்று. "இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று தொடங்கி, தாளுக்கொரு பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டே போனார். ஏழாவதில் கம்பம் சாய்ந்தது. பேச்சு நிற்கவில்லை. குனிந்து, விழுந்து கிடந்த கம்பத்துக்கு மாலையும் போட்டார்.

மண்டபம் குலுங்கியது. தமிழ் தெரியாத விருந்தினரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவர் தோளில் உண்மையாகவே நான்கு பொன்னாடைகள் கிடந்தன. அருமைநாதன் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இந்த வருட நிகழ்ச்சி நிரலில் ஜெகதீஸ்வரியின் பெயர் இல்லை. நேரம் போதாது என்றது சங்கம். அவருக்கு வலித்தது. பிறகு பியர்பொன்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தைத் தன் தனி நிகழ்ச்சிக்காகச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்தார். சனம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அருமைநாதனின் மனைவி.

"அண்ணை எங்க, அக்கா?"

"காருக்குள்ள இருக்கிறார். உள்ளயும் வரமாட்டாராம், வீட்டையும் போகமாட்டாராம்."

ஜெகதீஸ்வரி ஒட்டிய மீசையோடு பனியில் இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள வாங்கோ அண்ணை. இண்டைக்கு உங்களை இல்லை."

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"அப்ப ஆரை?"

"கோயில் தலைவரை."

அந்தக் கோயில் தலைவருக்கும் அருமைநாதனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரைப் பூட்டக்கூட மறந்து உள்ளே வந்தார். அன்று அந்த மண்டபத்தில் அவர் சிரித்ததுபோல் வேறொருவரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாம் சரி தங்கச்சி, நடைதான் பிழை. அந்தாள் இடக்காலை இன்னும் கொஞ்சம் இழுக்கும்."