கிராஃப் பார்த்த சிவப்பு

"நிறங்களைப் பிரித்தறியும் திறன்: போதாது. சிவப்பு, பச்சை ஆகியவற்றை நம்பி நடக்கும் எந்தப் பணிக்கும் இவர் பொருந்தாதவர்."

இருபத்திரண்டு வயதில் ரயில் சிக்னல் வேலைக்கு மனுப் போட்டபோது கண் மருத்துவர் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் இது. அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் பதினோரு வருடமாக ஒரு வீடியோ ஸ்டுடியோவில் நிறம் திருத்தும் வேலை பார்த்துவந்தார்.

வேலையைத் தேடி அவர் போகவில்லை. படத்தை வெட்டி ஒட்டத்தான் சேர்ந்தார். கலர் பார்த்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளியம்மா அந்த நாற்காலியை இவர் பக்கம் தள்ளினார். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வேலை போகும். உட்கார்ந்துவிட்டார்.

நல்ல கண் உள்ளவர்கள் திரையைப் பார்ப்பார்கள். இவர் திரைக்குப் பக்கத்தில் ஓடும் கிராஃபைப் பார்ப்பார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சாய்ந்த கோடு. கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோல் என்றால் அதன் புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். உலகத்தில் இத்தனை சண்டைக்குக் காரணமான தோல், ஒரே கோட்டில் அடங்கிவிடுகிறது என்பதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி. ஸ்டுடியோ அவருக்கு 'கிராஃப்' என்றே பெயர் வைத்துவிட்டது. அவர் அனுப்பிய படங்களில் முகம் கெட்டதாக ஒரு புகாரும் வந்ததில்லை. வீட்டில் மட்டும் அவரைத் தக்காளி வாங்க அனுப்புவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஓர் இளம் டைரக்டர் தன் முதல் குறும்படத்தோடு வந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மகனின் ஆபரேஷன் முடியக் காத்திருக்கும் ஒரு தாய். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஷாட். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்குப் போயாக வேண்டும்.

"சினிமா லுக் வேணும்ணா. நிழலெல்லாம் நீலப்பச்சை, முகமெல்லாம் தங்கம்."

"ஆஸ்பத்திரி வராண்டாவுல தங்கத்துக்கு எங்க போறது தம்பி?"

சிரித்துக்கொண்டே முதல் முகத்தைக் கோட்டில் நிறுத்தினார். டைரக்டர் முகம் சுளித்தான். "என்னண்ணா, இப்படிச் செவந்து கிடக்கு? கதைப்படி ஆபரேஷன் பையனுக்குத்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல."

முதலாளியம்மாவும் எட்டிப் பார்த்தார். "ஆமா கிராஃப், செவப்பைக் குறைங்க."

கோடு சரி என்றது. இரண்டு ஜோடி நல்ல கண்கள் தப்பு என்றன. வாதாடினால் 'உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?' என்று கேட்பார்கள். பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு முன்னால்தான் அவர் ஓடிக்கொண்டிருந்தார். குறைத்தார். டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஓர் அளவு சொல்ல, மூன்று நாள் குறைத்துக்கொண்டே போனார்.

புதன் மாலை, மனசு கேளாமல், படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் டிவியில் போட்டார். மனைவி கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"யாருங்க இந்தம்மா? பாசி புடிச்ச மாதிரி இருக்காங்க?"

"பச்சையாவா?"

"பின்ன? பையன் பொழச்சாலும் இவங்க பொழைக்க மாட்டாங்க போலிருக்கே."

வியாழன் காலை ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும், "எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும்" என்றார்.

டைரக்டர் தலையில் கை வைத்தான். "அண்ணா, நாளைக்கு அனுப்பணும்!"

"அதான் இன்னைக்கே ஆரம்பிக்கணும்கறேன். பாருங்க, முகமெல்லாம் கோட்டை விட்டுப் பச்சைப் பக்கம் கிடக்கு."

"கோடு கிடக்கட்டும் கிராஃப்," என்றார் முதலாளியம்மா. "திரையில நல்லாத்தானே இருக்கு? உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

வந்துவிட்டது. இந்த முறை அவர் ஓடவில்லை. பர்ஸிலிருந்து சான்றிதழை எடுத்துப் பிரித்து, கீபோர்டின் மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாது மேடம். செவப்பும் பச்சையும் எனக்கு என்னைக்குமே ஒழுங்காத் தெரிஞ்சதில்ல."

முதலாளியம்மா இரண்டு முறை படித்தார். "பதினோரு வருஷமா?"

"பதினோரு வருஷமா. என் கண்ணை நம்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், அதனால நான் ஏமாறல. உங்க ரெண்டு பேருக்கும் நல்ல கண்ணு. கிராஃப் அளக்கறது படத்தை, திரையை இல்ல. இந்த மானிட்டர்ல ஏதோ கோளாறு இருக்கு. என்னை அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி இதை மட்டும் பார்த்துடறேன்."

மானிட்டரின் பட்டனை அழுத்திப் பட்டியலில் ஒவ்வொன்றாக இறங்கினார். ஆறாவது வரியில் 'கண்ணுக்கு இதம்' என்றொரு வசதி விழித்துக்கொண்டிருந்தது. அணைத்தார். திரையைப் போர்த்தியிருந்த செம்மஞ்சள் கழன்றது. தாழ்வாரத்துத் தாய் ஒரே நொடியில் குளத்தடியிலிருந்து எடுத்தவளைப் போல ஆனாள்.

"ஐயோ" என்றான் டைரக்டர்.

முதலாளியம்மா மெல்லச் சொன்னார்: "திங்கக்கிழமை காலையில தலைவலி. நான்தான் போட்டேன். அணைக்க மறந்துட்டேன்."

நிறத்தைத் தொழிலாக வைத்திருக்கும் இடத்தில், நிறம் தெரிந்த இருவர் கண்ணுக்கு இதமாக ஏமாந்திருக்க, தெரியாதவர் மட்டும் சந்தேகப்பட்டிருக்கிறார். முதலாளியம்மா சான்றிதழை அதே மடிப்பில் மடித்து நீட்டினார்.

"இதை வீட்டு அலமாரியில வைங்க. இங்க யாரும் கேக்கப் போறதில்ல. நேரத்துக்கு முடியுமா?"

"முடிக்கணும்."

ஒரே பட்டனைத் தட்டிப் பழையபடி திருப்பவும் வழியில்லை. ஷாட்டுக்கு ஷாட் வேறு அளவில் குறைத்ததை ஷாட்டுக்கு ஷாட்தான் ஏற்ற வேண்டும். டைரக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆலோசனை எதுவும் சொல்லாமல், முடிந்த ஷாட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நாலு மணி ஐம்பது நிமிடத்துக்குள் அவர் இருநூற்றுப் பதினான்கு ஷாட்டிலும் சிவப்பைத் திரும்ப ஏற்றி, முகங்களைக் கோட்டில் நிறுத்தி, படத்தை அனுப்பிவைத்தார்.