மகளின் தோட்டம் உறைந்த கதை

மென்பொருளை மாற்றுமுன் நகல் எடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் இந்த விதியை ஓதியவன் நான். ஆனால் மெல்பர்னில் வாழும் என் மகள் விட்டுச்சென்ற கேம் கருவியில், எழுத்து பெரிதாகத் தெரியுமென்று, நகல் எடுக்காமலே மாற்று மென்பொருளை ஏற்றினேன். சிறுமியாக அவள் அதில் ஒரு விளையாட்டில் அமைத்த தோட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதைப் பார்க்கத் திறந்தபோதெல்லாம் திரை உறைந்தது. மென்பொருளோடு நான் சேர்த்த கூடுதல் வசதிகளை ஒவ்வொன்றாக நீக்கியும் பயனில்லை.

தீபாவளிக்கு, பதினேழு கோளாறுகளை எண்ணிட்டு மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலில்லை. பொங்கலன்று ஒரே வரி எழுதினேன்: "நாற்காலி போயிடுச்சாம்மா?"

"போகலை லா அப்பா! கேம் சேவ் ஆகியிருக்கிற மெமரி கார்டு பழசு, அதான் ஹேங் ஆகுது. என் டிராயர்ல அதைக் காப்பி எடுத்த கார்டு இருக்கு, போடுங்க. மிஸ் பண்றேன்னு சொல்ல பதினேழு பாயின்ட் ரிப்போர்ட்டா?"

அந்தக் கார்டைப் போட்டதும் தோட்டம் திறந்தது, நாற்காலி அங்கேயே இருந்தது. இப்போதெல்லாம் முதலில் நகல் எடுக்கிறேன். மகளுக்கு எண்ணிடாமல் எழுதுகிறேன். அந்த ஒரு வரிக்கு அவள் பதில் வந்தது மறுநாளே, மாட்டுப் பொங்கலன்று.